வீட்டு கராஜுக்கு மோட்டார் சைக்கிள் லிஃப்ட்: வாங்கும் முன் அளந்து பார்க்க வேண்டியவை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் மேட்டில் எங்கள் வீடு. 1960களில் கட்டப்பட்ட இரட்டை வீடுகள் நிறைந்த பகுதி இது. ஒரே சுவரை இரண்டு குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும். கராஜ் பல வீடுகளில் பிற்பாடு சேர்த்துக் கட்டியது, அதனால் ஒரு வீட்டு கராஜ் போல இன்னொரு வீட்டு கராஜ் இருக்காது. தரை ஒரு பக்கம் சரிந்திருக்கும், கூரை ஒரு மூலையில் தாழ்ந்திருக்கும், வாசலிலிருந்து தெருவுக்கு இறங்கும் பாதை செங்குத்தாக இருக்கும். இதைச் சொல்லித் தொடங்கக் காரணம் இருக்கிறது. வண்டியை வேலைக்காக உயர்த்திப் பிடிக்கும் லிஃப்ட்டைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை உங்கள் கராஜுக்குள்தான் நடக்கிறது. கடைக்குப் போவது அதற்குப் பிறகு.

புதிதாக வண்டி வேலை கற்றுக்கொள்ளும் பையன்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, எத்தனை கிலோ தூக்கும் லிஃப்ட் வாங்கலாம்?" விற்பனைக்கு இருக்கும் மேசை லிஃப்ட்டுகளில் (வண்டி முழுவதையும் மேலே ஏற்றி நிறுத்தும் வகை) பெரும்பாலானவை 450 கிலோ அல்லது அதற்கு மேல் தாங்குபவை. ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. ஹோண்டா ஆப்பிரிக்கா ட்வின் சுமார் 230. பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் சுமார் 250. கோல்ட் விங் போன்ற பெரிய வண்டிதான் 360 கிலோவைத் தாண்டும். ஆகவே தூக்குவது பெரிய பிரச்சினை அல்ல. தூக்கிய வண்டியை நீங்கள் ஸ்பேனரைப் போட்டு முழுப் பலத்தோடு இழுக்கும்போதும், உதிரிப் பாகம் வரும்வரை இரண்டு வாரம் அப்படியே விட்டு வைக்கும்போதும், அது அசையாமல் நிற்குமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

என்ன வேலை செய்யப் போகிறீர்கள்?

ஒரு தாளை எடுத்து, அடுத்த ஓராண்டில் வண்டிக்கு நீங்களே செய்ய நினைக்கும் வேலைகளை எழுதுங்கள். செயினைக் கழுவி எண்ணெய் போடுவது, ஆயில் மாற்றுவது, பிரேக் பேட் மாற்றுவது, பின்சக்கரத்தைக் கழற்றி டயர் கடைக்குக் கொண்டுபோவது, இவ்வளவுதான் பட்டியல் என்றால் உங்களுக்கு மேசை லிஃப்ட் தேவையில்லை. பின்சக்கரத்தை மட்டும் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் ஒரு நல்ல பேடக் ஸ்டாண்ட் போதும். அதன் விலை மேசையின் விலையில் மிகச் சிறிய பங்குதான். வண்டியில் சென்டர் ஸ்டாண்ட் இருந்தால் அதுகூட வேண்டாம்.

வால்வு இடைவெளி பார்ப்பது, ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) பேரிங் மாற்றுவது, ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்) சீல் மாற்றுவது, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வது போன்றவை பட்டியலில் இருந்தால் கதை வேறு. அவை மணிக்கணக்கில் ஆகும் வேலைகள். தரையில் குந்தியபடி நான்கு மணி நேரம் செய்தால் முட்டியும் இடுப்பும் வலிப்பது ஒரு பக்கம். களைப்பில் போல்ட்டைக் கோணலாக நுழைத்து மரையைக் கெடுத்துவிடுவீர்கள், அது இன்னும் மோசம். நானே அலுமினியத்தில் இருந்த மரை ஒன்றை அப்படிக் கெடுத்திருக்கிறேன். வண்டி கண்ணுக்கு நேராக இருந்திருந்தால் அது நடந்திருக்காது. லிஃப்ட்டை வசதிக்கான பொருளாக மட்டும் நான் பார்க்காததற்கு அதுவே காரணம்.

வண்டியை அளப்பது

டேப்பை எடுத்துக்கொண்டு வண்டியிடம் போங்கள். முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். ஃபிரேம் குழாய்கள் இரண்டும் தட்டையாக, ஜாக்கி உட்கார இடம் கொடுத்து ஓடுகின்றனவா? அல்லது சைலன்சர் குழாய், ஆயில் ஃபில்டர், ஆயில் வடிக்கும் போல்ட் ஏதாவது கீழே துருத்திக்கொண்டு நிற்கிறதா? எஞ்சினின் அடிப்பாகமே ஃபிரேமின் ஒரு பகுதியாக வேலை செய்யும் வண்டிகளும் உண்டு. அவற்றில் ஆயில் கிண்ணத்தில் ஜாக்கியை வைத்துத் தூக்கினால் மெல்லிய வார்ப்பு வெடித்துவிடும். கண்ணுக்கு முரட்டுத்தனமாகத் தெரியும் அடித்தட்டும் எல்லா வண்டியிலும் எடையைத் தாங்குவதற்கானதல்ல, கல் அடிக்காமல் இருப்பதற்குத்தான். உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் தூக்கும் இடங்கள் குறிக்கப்பட்டிருக்கும், அதை நம்புங்கள்.

அடுத்து, சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து சைடு ஸ்டாண்டின் பாதம் எவ்வளவு தள்ளி ஊன்றுகிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இதை யாரும் அளப்பதில்லை. மேசையின் அகலம் 55 செ.மீ. என்றால் நடுக்கோட்டிலிருந்து ஓரம்வரை இருப்பது 27 செ.மீ. சற்று மேல்தான். உங்கள் சைடு ஸ்டாண்ட் 32 செ.மீ. தள்ளி ஊன்றினால் அது காற்றில்தான் நிற்கும். முன்சக்கரத்தை மேசையின் கவ்வியில் மாட்டிவிட்டு, வண்டியைக் கட்டும் பட்டையை எடுக்கக் கையை நீட்டும் அந்த நொடியில் வண்டியைத் தாங்க எதுவும் இருக்காது. உயரமான சாகச வண்டிகளில் சைடு ஸ்டாண்ட் நீளமாக இருக்கும். சானி பாஸ் மலைப்பாதையில் ஏறி லெசோத்தோ போய்ச் சேற்றோடு திரும்பும் வண்டிகள் பெரும்பாலும் அந்த வகைதான். அவற்றுக்கு 65 செ.மீ. அல்லது அதற்கு மேல் அகலமான மேசையைப் பாருங்கள்.

வண்டியின் மொத்த நீளம், கண்ணாடியோடு சேர்ந்த உயரம், எடை ஆகியவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். எடையில் நிறைந்த டேங்க், பெட்டிகள், பாதுகாப்புக் கம்பி எல்லாம் சேர வேண்டும். அந்த மொத்தத்தை ஒன்றரையால் பெருக்கி வரும் எண்ணுக்குக் குறையாத லிஃப்ட்டைத் தேடுங்கள்.

கராஜை அளப்பது

இதற்கு ஒரு சனிக்கிழமை காலையை ஒதுக்குங்கள். சாக்பீஸால் தரையில் மேசையை வரைந்து பார்ப்பதுதான் சரியான வழி. வீட்டுக்கான மேசை ஏறத்தாழ 2.2 மீட்டர் நீளம் இருக்கும். ஏற்றும் சாய்தளம் இன்னொரு 60 முதல் 70 செ.மீ. பிடிக்கும். பின்சக்கரத்தை உருவி எடுக்க நீங்கள் நிற்க 60 செ.மீ. விடுங்கள். இரண்டு பக்கமும் குனிந்து வேலை செய்ய 80 செ.மீ. வேண்டும். மூன்று மீட்டர் அகலமுள்ள ஒற்றை கராஜில் இதை வரைந்தால், காரும் லிஃப்ட்டும் சேர்ந்து இருக்க முடியாது என்பது உடனே தெரிந்துவிடும். பிறகு வீட்டில் பேசி முடிவெடுக்க வேண்டியதுதான். மனைவியின் வாஷிங் மெஷினும் அங்கேதான் இருக்கிறது என்றால் அவரையும் கூட்டி வந்து அந்தக் கோட்டைக் காட்டிவிடுங்கள்.

இன்னொன்று: சில மேசைகள் கத்தரிக்கோல் அமைப்பில் ஏறக்குறைய நேராக மேலே போகும். வேறு சில இணைகர அமைப்பில் இருக்கும். அவை மேலே போகும்போது முன்னுக்கோ பின்னுக்கோ வளைவாக நகர்ந்துதான் உயரும். சுவரை ஒட்டி வைத்தால் முன்சக்கரம் சுவரில் போய் முட்டும். வாங்கும் முன் கடையில் மேசையை ஒருமுறை முழுதாக ஏற்றி இறக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

உயரத்தை இப்படிக் கணக்கிடுங்கள். மேசை 80 செ.மீ. மேலே போகிறது, வண்டி கண்ணாடியோடு 140 செ.மீ. என்றால் மொத்தம் 2.2 மீட்டர். கூரை 2.4 மீட்டரில் இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். நம் ஊரில் பல கராஜ்களில் கதவு முழுப்பலகையாக மேலே தூக்கித் திறப்பது, திறந்தால் அது கூரைக்குக் கீழே படுத்துவிடும். அந்தப் பலகையும் அதன் தண்டவாளமும் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று கதவைத் திறந்து வைத்து அளக்க வேண்டும். வண்டி மேலே இருக்கும்போது வீட்டில் யாராவது ரிமோட்டை அழுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வேலை நேரத்தில் கதவு மோட்டாரின் இணைப்பைத் துண்டித்து வைப்பது என் வழக்கம்.

எவ்வளவு உயரம் வேண்டும் என்பதற்கு உங்கள் முழங்கையே அளவு. சக்கரத்தின் அச்சு மேசையிலிருந்து 30 செ.மீ. சற்று மேலே இருக்கும். மேசை 75 செ.மீ. உயர்ந்தால் அச்சு 105 செ.மீ. வாக்கில் வரும். 165 செ.மீ. உயரமுள்ள ஒருவர் நேராக நின்றால் ஏறக்குறைய அதே இடத்தில் அவர் முழங்கை இருக்கும். அதற்கு மேல் உயரும் மேசைக்கு வீட்டில் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

அப்புறம் தரை. மழைத் தண்ணீரும் கழுவும் தண்ணீரும் வெளியே ஓட வேண்டும் என்பதற்காகத் தரையை வாசல் பக்கம் சரித்துப் போட்டிருப்பார்கள். ரசமட்டத்தை ஒரு நேரான நீளப் பலகையின் மேல் வைத்துப் பாருங்கள். நூற்றுக்கு ஒன்று என்ற சரிவு கண்ணுக்கே தெரியாது, ஆனால் 2.2 மீட்டர் மேசையில் அது 2 செ.மீ. வித்தியாசம். நீளவாக்கில் அவ்வளவு சரிவைச் சமாளித்துவிடலாம். பக்கவாட்டில் சரிந்திருந்தால் ஆபத்து, ஏனென்றால் மேலே போகப் போக வண்டியின் எடை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். மேசையின் காலுக்கடியில் இரும்புத் தகடு கொடுத்துச் சமப்படுத்துங்கள். செங்கல்லோ மரத்துண்டோ கூடவே கூடாது. செங்கல் நொறுங்கும், மரம் நசுங்கும்.

என்னென்ன வகைகள்

பேடக் ஸ்டாண்ட் ஸ்விங் ஆர்மைப் பிடித்துப் பின்சக்கரத்தைத் தூக்கும். ஒற்றைக் கை ஸ்விங் ஆர்ம் வண்டிக்குத் தனி வகை உண்டு. ஸ்டாண்டில் நிற்கும்போது கியர் போட்டு எஞ்சினை ஓடவிட்டுச் செயினைத் துணியால் துடைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். துணியோடு விரலும் போய்விடும். சக்கரத்தைக் கையால் சுற்றினாலே போதும்.

அடிப்பகுதியில் நுழைத்துத் தூக்கும் ஜாக்கி லிஃப்ட் இடத்தை அடைக்காது, வேலை முடிந்தால் சுவரோரம் தள்ளிவிடலாம். தட்டையான ஃபிரேம் உள்ள க்ரூசர் வண்டிகளுக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் வண்டி ஒரு சிறிய பீடத்தின் மேல்தான் நிற்கிறது. பின்சக்கர அச்சின் நட் மிக இறுக்கமாக முடுக்கப்பட்டிருக்கும். வண்டி அந்தரத்தில் நிற்கும்போது அதை நீளமான கைப்பிடி போட்டு இழுத்தால், நட் அசைவதற்கு முன் வண்டி அசைந்துவிடும். அச்சு நட், ஸ்டியரிங் நட், ஸ்ப்ராக்கெட் நட் போன்றவற்றை இரண்டு சக்கரமும் தரையில் இருக்கும்போதே கால்வாசித் திருப்பு தளர்த்திவிட்டு, அதன் பிறகு தூக்குங்கள். கடைசி இறுக்கமும் கீழே இறக்கிய பிறகுதான்.

மூன்றாவது மேசை லிஃப்ட். பெரிய வேலைக்கு இதுதான். வாங்கும்போது பின்சக்கரத்தின் அடியில் கழற்றி எடுக்கக்கூடிய பலகை இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் மேசையின் மேல் சக்கரத்தைக் கீழ்நோக்கி உருவ முடியாது, வண்டியை இன்னும் உயர்த்த வேண்டிவரும். முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவ்வியில் இரண்டு வகை உண்டு. திருகி இறுக்கும் தாடை ஒன்று, சக்கரம் உருண்டு ஏறியதும் தானே மடிந்து பிடிக்கும் தொட்டில் மற்றொன்று. தனியாக வேலை செய்பவருக்குத் தொட்டில் எவ்வளவோ மேல். வண்டியைப் பிடித்துக்கொண்டே திருகைச் சுற்ற மூன்றாவது கை யாருக்கும் கிடையாது.

இங்கே ஒரு விஷயத்தைப் பலர் கடைசி நேரத்தில்தான் கண்டுபிடிக்கிறார்கள். கவ்வி பிடிப்பது முன்சக்கரத்தை. ஃபோர்க் சீல் மாற்ற அந்த முன்சக்கரத்தையே கழற்ற வேண்டும். அப்போது வண்டியை எது பிடிக்கும்? பின்பக்கத்தை நான்கு திசையிலும் பட்டையால் கட்டி, எஞ்சினுக்கு அடியில் மேசையின் மேலேயே ஒரு சிறிய ஜாக்கியை வைக்க வேண்டும். அதற்கு மேசையில் பட்டை மாட்டும் வளையங்கள் முன்னும் பின்னும் பக்கத்திலும் இருக்க வேண்டும். முன்னால் மட்டும் இரண்டு வளையம் வைத்த மேசைகளை நான் ஒதுக்கிவிடுவேன்.

பூட்டு

ஹைட்ராலிக் என்பது எண்ணெயின் அழுத்தம். காலால் மிதிக்கும்போது ஒரு சிறிய பிஸ்டன் எண்ணெயைப் பெரிய உருளைக்குள் தள்ளுகிறது, ஒருவழி வால்வு அது திரும்பி வராமல் தடுக்கிறது. அந்த வால்வில் ஒரு துளி தூசி சிக்கினாலும், சீல் பழையதானாலும் எண்ணெய் மெதுவாகக் கசியும், மேசை மெதுவாக இறங்கும். குழாய் வெடித்தால் மெதுவாக அல்ல, ஒரே வீச்சில். அதனால் எண்ணெயை நம்பி எதற்கும் அடியில் கையை விடக் கூடாது. மேசையை உயர்த்தியதும் ஒரு இரும்புக் கம்பியோ பல் பூட்டோ எடையை வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு மேசையைச் சற்றே இறக்கி, எடை அந்தப் பூட்டின் மேல் உட்கார்ந்துவிட்டது என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

என் முதல் மேசை கைமாறி வந்தது. விற்றவர் பூட்டுக் கம்பி தொலைந்துவிட்டது, ஒரு போல்ட்டைப் போட்டால் போதும் என்றார். 10 மி.மீ. போல்ட் ஒன்றைப் போட்டேன். மூன்றாம் மாதம் அது நடுவில் வில் போல வளைந்திருந்ததைத் தற்செயலாகப் பார்த்தேன். அதற்கு முந்தின ஞாயிறுதான் என் அக்கா மகன் அந்த மேசையின் ஓரத்தில் கைவைத்துக் குனிந்து ஆயில் வடித்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உற்பத்தியாளர் கொடுத்த பூட்டு இல்லாத மேசையைத் தானமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பூட்டு எத்தனை உயரங்களில் விழுகிறது என்பதையும் பாருங்கள். ஒரே ஒரு உச்ச நிலையில் மட்டும் பூட்டும் மேசையில், உட்கார்ந்து செய்யும் வேலைக்கு நடு உயரத்தில் நிறுத்த முடியாது. மூன்று நான்கு நிலைகளாவது வேண்டும்.

காலா, காற்றா, கரண்டா

வீட்டுக்குக் கால்மிதி ஹைட்ராலிக்கையே சொல்வேன். காற்றில் இயங்கும் மேசைக்கு 6 முதல் 8 பார் அழுத்தம் தரும் கம்ப்ரெஸ்சர் வேண்டும். அது ஓடும் சத்தம் பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம் தூங்கும் குழந்தைக்கும் கேட்கும். ஏற்கெனவே கம்ப்ரெஸ்சர் வைத்திருப்பவருக்குச் சரி. கரண்ட்டில் இயங்கும் மேசை மிக வசதியானது, வயதானவர்களுக்கும் முதுகுவலி உள்ளவர்களுக்கும் அதுவே நல்லது. ஆனால் 2022, 2023 ஆண்டுகளின் லோட் ஷெட்டிங்கை (முறைவைத்த மின்வெட்டை) நாம் மறக்கவில்லை. வண்டி மேலே இருக்கும்போது கரண்ட் போனால் கையால் இறக்கும் வால்வு இருக்கிறதா, அது எங்கே இருக்கிறது, இருட்டில் கைக்கு எட்டுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். மின்கசிவு ஏற்பட்டால் கரண்ட்டைத் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் சரியாக வேலை செய்யும் பிளக்கில்தான் மாட்ட வேண்டும், நீட்டிப்பு வயரில் வேண்டாம்.

கைமாறிய மேசை வாங்கினால்

பகலில் போங்கள். வெல்டிங் இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பாருங்கள். மற்ற இடம் பழையதாக இருந்து ஒரு இணைப்பில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். மேசையை ஏற்றச் சொல்லி, ஹைட்ராலிக் உருளையிலிருந்து வெளியே வரும் பளபளப்பான தண்டைப் பாருங்கள். அதில் துருக்குழிகள் இருந்தால் அவை ஒவ்வொரு முறையும் சீலை அரம் போல அறுக்கும். மெரபேங்க், இசிபிங்கோ, ப்ளஃப் போலக் கடலுக்கு அருகே இருக்கும் வீடுகளில் உப்புக் காற்று இந்த வேலையைச் சீக்கிரம் செய்துவிடும். கடைசியாக, எடையோடு பாதி உயரத்தில் பூட்டாமல் நிறுத்தி, ஓரத்தின் உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறித்து அரை மணி நேரம் பேசிக்கொண்டிருங்கள். கோடும் மேசையும் பிரிந்திருந்தால், புது சீல் செட்டின் விலையைக் கழித்துத்தான் பேரம் பேச வேண்டும்.

வீட்டுக்கு வந்த நாள்

மேசை மட்டுமே 100 கிலோவைத் தாண்டும், சில மாதிரிகள் 200ஐ நெருங்கும். பக்கியில் (பின்பக்கம் திறந்த சிறு சரக்கு வண்டி) ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம், இறக்குவதற்குத்தான் ஆள் வேண்டும். நான்கு பேரை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எங்கள் தெரு போல வாசல் சரிவாக இருந்தால் பக்கியைப் பின்னோக்கி ஏற்றி, அதன் பின்கதவும் கராஜ் தரையும் ஒரே மட்டத்துக்கு அருகில் வரும்படி நிறுத்தினால் பாதிச் சுமை குறையும்.

இடத்தில் வைத்துச் சமப்படுத்திய பிறகு, இறக்கும் வால்வைத் திறந்து வைத்துப் பத்துப் பதினைந்து முறை மிதியுங்கள். உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். காற்று இருந்தால் மேசை குதித்துக் குதித்து ஏறும். சொந்த வீடு, கான்கிரீட் திடமானது என்றால் தரையில் ஆணி போல்ட் அடித்து இறுக்கிவிடுங்கள். வாடகை வீட்டில் அது முடியாது, அதனால் அடித்தளம் அகலமான மாதிரியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

முதல் முறை வண்டியை ஏற்றும்போது கட்டாயம் இன்னொருவர் வேண்டும். எஞ்சின் அணைந்திருக்கட்டும். நீங்கள் இடப்பக்கம் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ள, அவர் வலப்பக்கம் பின்னாலிருந்து தள்ளட்டும். சக்கரம் கவ்வியில் உட்கார்ந்ததும் முதல் கியரில் போட்டு, முன் பிரேக் நெம்புகோலை ஒரு ரப்பர் பட்டையால் இழுத்துக் கட்டுங்கள். ராட்செட் பட்டைகளை ஃபோர்க்கின் கீழ்ப்பிடிப்பில் மாட்டி இரு பக்கமும் வெளிநோக்கிச் சரிவாக இழுங்கள். முன் சஸ்பென்ஷன் மூன்றில் ஒரு பங்கு அமுங்கினால் போதும், அடிவரை அமுக்க வேண்டாம். இடுப்பால் ஒருமுறை வண்டியைத் தள்ளிப் பாருங்கள். வண்டி அசைந்தால் மேசையும் சேர்ந்துதான் அசைய வேண்டும், வண்டி தனியாக ஆடினால் பட்டையை மறுபடி இறுக்குங்கள். பத்து செ.மீ. தூக்கி மறுபடி தள்ளிப் பாருங்கள். அதன் பிறகுதான் முழு உயரம்.

முதல் மிதிகள் கனமாக இருக்கும், பயப்பட வேண்டாம். கத்தரிக்கோல் அமைப்பில் கைகள் படுத்திருக்கும்போதுதான் அதிக விசை தேவை, நிமிர நிமிர இலேசாகும்.

வேலை முடிந்த பிறகு மேசையை முழுவதும் இறக்கியே வையுங்கள். பளபளப்பான தண்டு உருளைக்குள் எண்ணெயில் இருக்கும், டர்பன் ஈரக் காற்று அதைத் தொடாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூட்டு ஊசிகளுக்கு கிரீஸ் போடுங்கள். எண்ணெய் குறைந்தால் ஹைட்ராலிக் ஜாக்கி எண்ணெயை மட்டும் ஊற்றுங்கள். அலமாரியில் இருக்கிறதே என்று பிரேக் எண்ணெயை ஊற்றினால் சீல்கள் ஊதிக் கெட்டுப்போகும். ஈஸ்டர் விடுமுறைக்குக் குழந்தைகள் வீட்டுக்கு வரும்போது கால்மிதியைக் கழற்றி மேலே ஆணியில் மாட்டிவிடுவேன். பூட்டுக் கம்பியும் பக்கத்து ஆணியில் தொங்கும்.